கடலடியில் ஒரு கதவு

ஒரு பொய்யை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். செப்டம்பர் கடைசியில், தூண்டிலில் பிடித்த ஒரு பெரிய திருக்கையோடு நான் இருக்கும் படத்தை அனுப்பினேன். அதைப் பார்த்துவிட்டு "எத்தனை கிலோ?" என்று கேட்ட அத்தனை பேருக்கும் "90" என்று பதில் போட்டேன். 90 கிலோ என்பதற்கு என்னிடம் எந்த ஆதாரமும் கிடையாது. அந்த மீனை யாரும் எடை போடவில்லை. படகுக்காரர் போட்ட கணக்கு அதைவிடக் குறைவு. கேட்டவர்களில் பாதிப் பேர் உறவினர்கள், மீதிப் பேர் என்னோடு கிளாஸ்கோவில் பஸ் ஓட்டுகிறவர்கள். இந்த இரண்டு கூட்டத்தாரிடமும் உள்ளதை உள்ளபடி சொல்லி எனக்குப் பழக்கம் இல்லை. இங்கே யாரும் கேட்காததால் சொல்ல முடிகிறது.

போனது நானும் என் மனைவியின் தம்பியும். எனக்கு வயது 51. ஓட்டுநர் இருக்கை இருபது வருடமாகச் சேர்த்துக் கொடுத்த இடுப்புவலி உண்டு. அவனுக்கு 30. எடின்பரோவில் கணக்கர் வேலை. தூண்டிலை அதுவரை கையால் தொட்டதில்லை என்றாலும், தொலைபேசியில் பார்த்த காணொளிகளை வைத்துக்கொண்டு எனக்கே பாடம் எடுக்கக்கூடியவன். அவன் என்னை அத்தான் என்பான், நான் அவனை மாப்பிள்ளை என்பேன். ஒருவரை ஒருவர் மட்டம்தட்டுவதில் இரண்டு பேருமே குறை வைப்பதில்லை.

நாங்கள் தேடிப்போன மீனை இங்கே ஃபிளாப்பர் ஸ்கேட் என்கிறார்கள். தட்டையாக, சாய்சதுரமாக, கடலின் அடித்தரையில் படுத்துக் கிடப்பது. திருக்கைக்குப் பங்காளி முறை. ஸ்கேட் வகைகளில் உலகிலேயே பெரியது இதுதான். இரண்டு மீட்டரைத் தாண்டி வளரும், நூறு கிலோவையும் தொடும். நான் திருக்கை என்றே எழுதிக்கொண்டு போகிறேன், ஆனால் ஒரு வித்தியாசத்தைச் சொல்லிவிட வேண்டும். நமக்குப் பழக்கமான கொட்டும் திருக்கைகள் குட்டி போடும். இது முட்டை போடும். ஏறத்தாழ ஒரு சாண் நீளத்தில், நான்கு மூலையிலும் கொம்பு முளைத்த தோல்பை போன்ற முட்டை. அதற்குள் குஞ்சு வளர்ந்து வெளியே வர ஒன்றரை வருடம் ஆகிறது. வாலில் விஷமுள் கிடையாது. அதற்குப் பதிலாக வால் நெடுகக் கருவேலங்குச்சியைப்போல முள்வரிசை.

பிடித்தால் உயிரோடு விட்டுவிட வேண்டும். முந்தின இரவு நான் ஐஸ் பெட்டியைக் காரில் ஏற்றுவதைப் பார்த்த மனைவி, "விடப்போகிற மீனுக்கு ஐஸ் எதற்கு?" என்றாள்.

"இரைக்குப் பிடிக்கும் அயிலை கெட்டுப்போகக் கூடாதில்லையா?"

"அப்படியென்றால் அந்த அயிலையைக் கொண்டுவந்துவிடுங்கள். இரண்டு பேருக்கும் வேலை மிச்சம்."

காலை நான்கு மணிக்கு கிளாஸ்கோவை விட்டுக் கிளம்பினோம். ஓபன் துறைமுகத்துக்கு இரண்டரை மணி நேரம். லோமண்ட் ஏரியை ஒட்டிய அந்தப் பாதை பகலில் அழகானது, இருட்டில் வளைவு மட்டும்தான் தெரியும். மாப்பிள்ளை பக்கத்து இருக்கையில் தொலைபேசி வெளிச்சத்தில் வாசித்துக்கொண்டே வந்தான். இந்த மீனுக்கு வெகுகாலம் வழங்கிய பெயர் 'காமன் ஸ்கேட்'. எங்கும் கிடைக்கிற சாதாரணத் திருக்கை என்று பொருள். அந்தப் பெயரைச் சுமந்துகொண்டே அது காணாமல் போயிருக்கிறது. ஐரிஷ் கடலில் அது அற்றுப்போய்விட்டதை 1981-ல் ஓர் ஆய்வுக் கட்டுரை எடுத்துச் சொன்னது. காரணம் புரியாத புதிர் அல்ல. முட்டையை விட்டு வெளியே வரும்போதே குஞ்சு இழுவலையில் சிக்கும் அளவுக்கு அகலமாக இருக்கிறது. முட்டையிடும் வயதுக்கு வரப் பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. பிறந்த நாளிலிருந்து அத்தனை வருடமும் வலைக்குத் தப்பிப் பிழைத்தால்தான் அடுத்த தலைமுறை.

"இன்னும் கேளுங்கள் அத்தான். இது ஒரு மீன் இல்லையாம், இரண்டாம்."

1926-ல் விலங்கியலாளர் ஒருவர் பெரியதையும் சிறியதையும் ஒரே இனம் என்று சேர்த்து எழுதிவிட்டார். உலகம் அப்படியே ஏற்றுக்கொண்டது. பிரான்சைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2010-ல்தான் உடலமைப்பையும் மரபணுவையும் பார்த்து மறுபடியும் இரண்டாகப் பிரித்தார்கள். பெரியதுதான் எங்கள் ஃபிளாப்பர். நடுவில் 84 வருடம் இரண்டுக்கும் ஒரே கணக்கு. பெரியது தேய்ந்துகொண்டே போனது அந்தக் கூட்டுக் கணக்குக்குள் மறைந்துவிட்டது. மாப்பிள்ளைக்கு இந்த இடம் மிகவும் பிடித்துப்போனது. "இரண்டு கிளைகளின் பேரேட்டை ஒன்றாக எழுதினால் இப்படித்தான் ஆகும்" என்று டைன்ட்ரம் வரும்வரை சொல்லிக்கொண்டே வந்தான்.

அதை இறக்கி விற்பதற்கு ஐரோப்பிய ஒன்றியம் 2009-ல் தடை போட்டது. லாக் சுனார்ட்டிலிருந்து ஜூரா நீரிணை வரை உள்ள கடலை இந்த மீனுக்காக 2014-ல் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவித்தார்கள். இழுவலைக்கும் கடலடியைச் சுரண்டும் சிப்பி வலைக்கும் 2016-ல் கட்டுப்பாடு வந்தது. தூண்டில் போடலாம். பிடிக்கலாம், பார்க்கலாம், விட்டுவிட வேண்டும்.

படகு ஏழு மீட்டர் நீளம். நாங்கள் இருவர், படகுக்காரர் ஒருவர், அவ்வளவுதான். அறுபதைத் தாண்டிய மனிதர், வார்த்தைகளைக் காசுபோல எண்ணிச் செலவழிப்பவர். கிளம்புமுன் மூன்று விஷயம் சொன்னார். மிதவை அங்கியைக் கழற்றக் கூடாது. மீன் கடித்தால் கோலை வெடுக்கென்று இழுக்கக் கூடாது. மீன் மேலே வந்ததும் முதலில் அதன் முதுகைப் படம் எடுக்க வேண்டும். "முழு முதுகு. வாலிலிருந்து மூக்குவரை, இரண்டு சிறகும் தெரிய. உங்கள் முகத்தை வீட்டில் எடுத்துக்கொள்ளலாம்."

அதற்குக் காரணம் இருக்கிறது. இந்தத் திருக்கையின் முதுகில் வெளிர்ப்புள்ளிகள் இறைந்து கிடக்கும். ஒன்றுக்கு இருப்பதுபோல் இன்னொன்றுக்கு இருக்காது, நம் கைரேகை மாதிரி. ஓபனுக்குப் பக்கத்திலேயே இருக்கும் ஸ்காட்டிஷ் கடலறிவியல் சங்கம், அரசின் இயற்கைப் பாதுகாப்பு அமைப்போடு சேர்ந்து ஸ்கேட்ஸ்பாட்டர் என்ற படத்தொகுப்பை நடத்துகிறது. தூண்டில்காரர்கள் அனுப்பும் முதுகுப் படங்களை ஒப்பிட்டு, இது இன்ன மீன், முன்பு இன்ன இடத்தில் பிடிபட்டது என்று கண்டுபிடிக்கிறார்கள். அதற்குமுன் 1970-களிலிருந்து எண் பொறித்த பட்டையைக் குத்தி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். இப்போது புள்ளிகளே பட்டை. இவ்வளவையும் படகுக்காரர் சொன்னார், நானும் தலையாட்டினேன். என் மனம் அப்போது டோபர்மோரியில் இருந்தது. மேற்கே தெரிந்த மல் தீவின் வடகோடியில் இருக்கும் ஊர் அது. 1986-ல் அங்கே 227 பவுண்டு, அதாவது 103 கிலோ திருக்கை தூண்டிலில் பிடிபட்டது. மூன்று இலக்க எண் ஒன்று தலைக்குள் நுழைந்துவிட்டால் புள்ளியையெல்லாம் யார் எண்ணிக்கொண்டிருப்பது?

கெரெரா தீவின் ஓரத்தில் நின்று முதலில் இரை பிடித்தோம். இறகு கட்டிய ஆறு முள், கீழே ஒரு ஈயம். இருபது நிமிடத்தில் பதினான்கு அயிலை. மாப்பிள்ளை பிடித்த முதல் மீன் அதுதான். ஒரே தூக்கில் நான்கு வந்தன. அவனுக்கு அப்போதே தலைகால் புரியவில்லை.

பிறகு தெற்கே, இன்ஷ் தீவைத் தாண்டி லோர்ன் வளைகடலுக்குள். கரையில் நின்று பார்த்தால் சாதுவான நீர்ப்பரப்பு. அடியில் பழைய பனியாறுகள் குடைந்துவிட்டுப் போன பள்ளங்கள். ஆழம் காட்டும் ஒலிமானியில் 60 மீட்டர், 85, 110 என்று ஏறிக்கொண்டே போய் 140-ல் தரை சமமானது. சேறு. அங்கே நங்கூரம். 140 மீட்டர் ஆழத்துக்கு 400 மீட்டர் கயிறு விட்டார், இல்லாவிட்டால் நங்கூரம் சாய்ந்து பிடிக்காமல் தரையில் தத்திக்கொண்டே வருமாம். கயிற்றில் ஒரு பெரிய ஆரஞ்சு மிதவை.

நாள் பார்த்ததும் அவர்தான். அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டி வந்தால் இங்கே ஓதம் ஓடுகிற வேகத்தில் எந்த ஈயமும் தரையில் நிற்காது. அஷ்டமியை ஒட்டி வந்தால் நீரோட்டம் சோம்பிப்போகும், அந்தச் சோம்பலில்தான் மீன் கிடைக்கும். அவர் அரைநிலவு என்றார், நான் அஷ்டமி என்று மாற்றிக்கொண்டேன். நல்ல காரியம் எதையும் அஷ்டமியில் தொடங்காத குடும்பத்தில் பிறந்தவன் நான். அதை அவரிடம் சொல்லவில்லை.

தூண்டில் அமைப்பைப் பற்றிக் கொஞ்சம் எழுத வேண்டும், ஏனென்றால் இதுவரை நான் கையாண்டவற்றோடு ஒப்பிட்டால் இது தூண்டிலே அல்ல, பளுதூக்கி. குட்டையான, தடித்த கோல். கையால் அணைத்துப் பிடிக்க வேண்டிய அளவுக்குப் பெரிய ரீல். அதில் பின்னல் நரம்பு. 140 மீட்டருக்குக் கீழே சின்ன அசைவு நடந்தாலும் மேலே தெரிய வேண்டும் என்பதால் நீட்சி இல்லாத பின்னல். ஆனால் மீனின் பக்கம் மட்டும் தீக்குச்சி கனத்துக்குத் தங்கூசி நரம்பு. வால் முள்ளும் தோலும் உரசினால் பின்னல் நரம்பு நொடியில் அறுந்துவிடும், தங்கூசி தாங்கும். ஈயக்குண்டு ஒரு கிலோ. தூண்டில் முள் நுனி உள்நோக்கி மடிந்த வட்ட முள். இந்த முள்ளில் வெடுக்கென்று இழுத்தால் அது வாயிலிருந்து வழுக்கி வெளியே வந்துவிடும். மெதுவாக இறுக்கினால் தானே திரும்பி வாயோரத்தில் மாட்டும். வயிற்றுக்குள் போகாது, விடுவதற்கு எளிது.

முழு அயிலை ஒன்று, அதன்மேல் ஒரு கணவாய், இரண்டையும் சேர்த்து மீள்நூலால் சுற்றிக் கட்டினார். அயிலையின் வாலை வெட்டி எறிந்தார். வால் இருந்தால் இறங்கும்போது இரை பம்பரமாகச் சுழன்று நரம்பை முறுக்கிவிடுமாம். ஈயம் தரை தொட ஒரு நிமிடத்துக்கு மேல் ஆனது. ஒரு நிமிடம் என்பது கையில் ரீல் ஓடிக்கொண்டிருக்கும்போது எவ்வளவு நீளமானது என்பதை அன்றுதான் அறிந்தேன்.

மூன்று கோல். முதலில் ஆடுகிற கோல் யாருக்கு என்று நாணயம் சுண்டினோம். மாப்பிள்ளைக்கு விழுந்தது. இரண்டாவது எனக்கு.

அடுத்த இரண்டு மணி நேரத்தை விரிவாக எழுத விருப்பமில்லை. என் பஸ்ஸில் குடித்துவிட்டு வந்து வாந்தி எடுத்த எத்தனை பேரைப் பார்த்து முகம் சுளித்திருப்பேன்! அத்தனை பேரும் அன்று வரிசையாக நினைவுக்கு வந்தார்கள். நங்கூரத்தில் நிற்கும் படகு ஓடும் படகைவிட மோசம். அணியம் ஒரு பக்கம் எழும், உடனே இன்னொரு பக்கம் சரியும், இரண்டுக்கும் ஒழுங்கு கிடையாது. மாப்பிள்ளை சாண்ட்விச் சாப்பிட்டான், என் எதிரே உட்கார்ந்து, முட்டை சாண்ட்விச். படகுக்காரர் அடிவானத்தைப் பார்க்கச் சொன்னார். அடிவானம் ஆடியது.

நடுவில் நாய்மீன் இரண்டு வந்தன. நாய்மீன் என்பது முழங்கை நீளப் புள்ளிச் சுறா. உப்புத்தாள் போன்ற உடம்பைக் கையில் சுற்றிக்கொள்ளும், அன்பினால் அல்ல. 140 மீட்டர் இழுத்து, கழற்றி, மறுபடியும் இரை கட்டி, மறுபடியும் ஒரு நிமிடம்.

பதினொன்று நாற்பதுக்கு நடுக்கோல் தலையாட்டியது. பெரிதாக ஒன்றும் இல்லை, கேள்விக்கு ஆமாம் என்று சொல்வதுபோல இரண்டு தடவை. ரீல் டிக் என்றது. கொஞ்சம் கழித்து டிக் டிக். நாய்மீன் என்றால் படபடவென்று உதறும். இது உதறவில்லை, யாரோ நரம்பைப் பொறுமையாக நகர்த்தி வைப்பதுபோல் இருந்தது. படகுக்காரர் மாப்பிள்ளையைப் பார்த்துக் கையசைத்தார். அவன் காணொளியில் பார்த்த அத்தனையையும் மறந்து கோலை இரு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டான்.

"அத்தான், தரையில் மாட்டிவிட்டது."

"தரை மாட்டினால் நகராது. நகர்கிறதா?"

"தரைதான் நகர்கிறது."

இருபத்தைந்து நிமிடத்தில் மேலே வந்தது. வாலின் இருபுறமும் விரல் தடிமனில் நீண்ட உறுப்புகள், ஆகவே ஆண். நடுத்தர அளவு என்பதால் படகின் பக்கக் கதவைத் திறந்து, ஈரத் தார்ப்பாய் மேல் வழுக்கி இழுத்தோம். மூக்கைப் பிடிக்கக் கூடாது. கண்ணுக்குப் பின்னால் இருக்கும் மூச்சுத்துளையில் விரல் நுழைக்கக் கூடாது. செவுள் பக்கம் கையே போகக் கூடாது. அடிவயிறு வெள்ளையாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். தூக்கும்போது பார்த்தேன், சாம்பல் நிறம், அதில் பேனா முனையால் குத்தியதுபோல ஆயிரம் கரும்புள்ளி. அவை துளைகள். சேற்றுக்குள் இருக்கும் நண்டோ மீனோ அசையும்போது எழும் மின்துடிப்பை அவற்றின் வழியாக அறிகிறது. வாய் அடிப்பக்கம், கண் மேல்பக்கம். தான் தின்பதைத் தானே பார்க்க முடியாத பிராணிக்கு வேறு வழி வேண்டுமே.

படகுக்காரர் நாடாவை நீட்டினார். நீளம் 1.74 மீட்டர், அகலம் 1.35. மடித்து மடித்து நைந்துபோன அட்டவணை ஒன்றை எடுத்துப் பார்த்து 42 கிலோ என்றார். தலைக்கு நேர் மேலே கையை நீட்டி முதுகைப் படம் எடுத்தார். மாப்பிள்ளை அதன் பக்கத்தில் மண்டியிட்டு அசையாமல் இருந்தான், தொடக்கூட இல்லை. இரண்டு நிமிடத்துக்குள் தண்ணீரில் விட்டாயிற்று.

"42" என்றான் என்னிடம்.

"பரவாயில்லை" என்றேன். அந்தச் சொல்லை எந்தத் தொனியில் சொன்னேன் என்று அவன் இன்றுவரை எல்லோருக்கும் நடித்துக் காட்டுகிறான்.

ஒன்று பத்துக்கு நீரோட்டம் தளர்ந்தது. இடதுகோல் ஆமாம் என்றது.

இதைப் பற்றி எழுதுகிறவர்கள் சண்டை என்ற சொல்லைப் பயன்படுத்துகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. சண்டைக்கு எதிரி வேண்டும், எதிரிக்கு என்னைப் பற்றி ஒரு கருத்தாவது வேண்டும். கீழே இருந்ததற்கு என்னைப் பற்றி எந்தக் கருத்தும் இருந்ததாகத் தெரியவில்லை. ஒரு வீட்டின் தலைவாசல் கதவைக் கழற்றி, கடலடிச் சேற்றில் படுக்கவைத்து, அதன் நடுவில் கயிறு கட்டி, மேலே இருந்து தூக்கு என்றால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது. அது தன் சிறகுகளைத் தரையோடு அழுத்திக்கொள்கிறது. கீழே வெற்றிடம் உண்டாகி உறிஞ்சிப் பிடிக்கிறது. நான் இழுக்க இழுக்கக் கோல் வளைந்தது, படகு என் பக்கம் சாய்ந்தது, நரம்பு காற்றில் ஓசையிட்டது, கதவு கதவாகவே இருந்தது. பத்து நிமிடம் ஒரு விரற்கடைகூட நகரவில்லை. படகுக்காரர் அருகில் வந்து, விறைத்து நின்ற நரம்பை வீணைத் தந்திபோல விரலால் சுண்டினார். மறுபடி, மறுபடி. அந்த அதிர்வு கீழே போய் அதற்கு எரிச்சல் மூட்டுமாம். நம்பிக்கை இல்லாமல்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆறாவது சுண்டலிலோ ஏழாவதிலோ ஏதோ பிய்த்துக்கொண்டது. கோல் ஒரு முழம் எழுந்தது.

அதன்பிறகு முழக்கணக்கு. முதுகையும் தொடையையும் கொண்டு கோலைத் தூக்க வேண்டும், தாழ்த்தும்போது ரீலைச் சுற்ற வேண்டும். ஒரு தூக்குக்கு ஒரு முழம். 140 மீட்டர் என்பது முந்நூறு முழத்துக்கு மேல். நூறுவரை எண்ணினேன். நூற்றுப் பத்தில் அது மனம் மாறி ஐம்பது முழம் கீழே போனது. கோலின் அடி பொருந்தியிருந்த இடுப்புப் பட்டைக்கு நேர் பின்னால், மருத்துவர் படம் எடுத்து வட்டம் போட்டுக் காட்டிய அந்த எலும்பு, தன் இருப்பைத் தெரிவித்தது. மாப்பிள்ளை என் வாயில் தண்ணீர் ஊற்றினான். "கொடுத்துவிடுங்கள் அத்தான், கொஞ்ச நேரம் நான் இழுக்கிறேன்" என்றான். 42 கிலோக்காரனிடம் கோலைக் கொடுப்பதாவது.

இரண்டு ஐந்துக்குக் கீழே பச்சையில் ஒரு வெளிச்சம் தெரிந்தது. பிறகு அது விரிந்தது. விரிந்துகொண்டே போனது. துவைத்த ஜமுக்காளத்தை இரண்டு பேர் பிடித்து உதறும்போது எழும்பும் அலை உண்டல்லவா, அந்த அலை இரண்டு சிறகிலும் மெதுவாக ஓடியது. படகுக்காரர், "பெண்" என்றார். சற்றுக் கழித்து, "இது உள்ளே வராது" என்றார்.

இந்த அளவு மீனைப் படகில் ஏற்றினால் அதன் எடையே அதன் உள்ளுறுப்புகளை நசுக்கும். தண்ணீரிலேயே, படகோரத்திலேயே வைத்துத்தான் எல்லாம். அவர் குனிந்து, நீண்ட கம்பியால் வாயோரத்து முள்ளைத் திருப்ப முனைந்துகொண்டிருந்தார். நான் படகு விளிம்பில் வயிற்றை வைத்துத் தொங்கினேன். கண் என் முகத்துக்கு ஒரு முழத் தூரத்தில் இருந்தது. அதன் பின்னால் மூச்சுத்துளை, கடிகாரம்போல மூடித் திறந்தது. முதுகு ஈரமான கடுகு நிறம், அதில் புள்ளிகள். அப்போதுதான் அந்தக் காரியத்தைச் செய்தேன். கையை நீட்டி, ஆரஞ்சு நிற ரப்பர் கையுறையோடு, வலது சிறகைத் தடவிக் கொடுத்தேன். மாப்பிள்ளை அந்த நேரத்தில்தான் படம் எடுத்தான். தென்மேற்கில் இருந்த வெயில் முழுவதும் நீரில் விழுந்து கண்ணைக் கூசிக்கொண்டிருந்தது. ஒரே படம். இரண்டாவது எடுப்பதற்குள் முள் கழன்றுவிட்டது.

அவசரமாக முடிச்சுக் கயிற்றை நீட்டி அளந்தார்கள். நீளம் 2.1 இருக்கலாம், 2.2 இருக்கலாம். அகலம் 1.6 போல. மீன் நின்றா காட்டும்? அட்டவணை சுமார் 75 கிலோ என்றது.

"90 இருக்காதா?" என்றேன்.

அவர் யோசித்தார். "இருக்காது என்று சொல்லமாட்டேன். ஆனால் எழுதமாட்டேன்."

விட்டதும் அது ஓடவில்லை. ஒரு கணம் அப்படியே மிதந்து, பிறகு முன்விளிம்பைச் சாய்த்து, படிக்கட்டில் இறங்குகிறவரின் நிதானத்தோடு இறங்கிப் போனது. 140 மீட்டரிலிருந்து மேலே இழுத்த வேறு பல மீனாக இருந்தால் காற்றுப்பை உப்பி, கண் பிதுங்கி, மல்லாந்து மிதந்திருக்கும். விட்டாலும் இறங்காது. திருக்கைக்கும் சுறாவுக்கும் காற்றுப்பையே கிடையாது, எலும்பும் குருத்தெலும்பு. ஆகவே விடுவது என்பது இவற்றின் விஷயத்தில் உண்மையிலேயே விடுவதாக இருக்கிறது. அதன் உடம்பில் மிச்சமிருக்கும் களைப்பு எனக்குத் தெரியாதது. என் உடம்பில் மிச்சமிருந்ததை அடுத்த நாள் படுக்கையிலிருந்து எழுந்தபோது, சரியாகச் சொன்னால் எழ முடியாதபோது, தெரிந்துகொண்டேன்.

மூன்றாவது கோல் ஆடவே இல்லை. நாலரைக்கு நங்கூரம் எடுத்தார். அதை யாராவது கையால் இழுக்க வேண்டியிருக்கும், அது நானாக இருக்கக் கூடாது என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன். அவர் படகை முன்னோக்கி ஓட்டினார், அவ்வளவுதான். கயிறு ஆரஞ்சு மிதவையின் வளையத்துக்குள் ஓடி, மிதவை பின்னால் இழுபட்டு, 140 மீட்டர் அடியில் கிடந்த நங்கூரத்தைத் தன் மிதப்பு பலத்தாலேயே மேலே தூக்கிக்கொண்டு வந்து நிறுத்தியது. அன்று பார்த்தவற்றில் மிகவும் புத்திசாலித்தனமான காரியம் அதுதான் என்று நினைக்கிறேன். என் கதவுக்கும் அப்படி ஒரு மிதவை கட்டியிருக்கலாம்.

ஐஸ் பெட்டியில் மிச்சம் ஏழு அயிலை இருந்தது. மனைவி எதுவும் சொல்லாமல் வாங்கிக்கொண்டாள். சொல்லாமல் இருந்ததுதான் சொன்னது.

இரண்டு படங்களையும் மாப்பிள்ளைதான் ஸ்கேட்ஸ்பாட்டருக்கு ஏற்றினான். நான் அதற்குள் 90 என்று ஊருக்கெல்லாம் சொல்லி முடித்திருந்தேன். சில வாரம் கழித்து விவரம் வந்தது. அவனுடைய ஆண் மீன் ஏற்கெனவே தொகுப்பில் இருக்கிறது. அதற்கு எண் உண்டு. இதற்கு முன் இரண்டு தடவை பிடிபட்டிருக்கிறது, ஒரு தடவை தெற்கே கிரினன் பக்கம், இன்னொரு தடவை நாங்கள் நங்கூரம் போட்ட இடத்துக்கு அருகிலேயே. பழைய படங்களில் அதே புள்ளிகள், இடது சிறகில் மூன்று சேர்ந்து ஒரு முக்கோணம், வால் தொடங்கும் இடத்தில் ஒற்றையாக ஒன்று. அவன் அந்தப் படங்களைத் தொலைபேசியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பெரிதாக்கிக் காட்டினான். மெய்தான், பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது. தன் உறவினர் ஒருவருடைய பழைய கல்யாணப் படத்தைக் காட்டுகிறவன்போல் இருந்தது அவன் முகம்.

என் மீனை அடையாளம் காண முடியவில்லை. பாதி முதுகில் வெயில், மீதியில் கையுறை. பெண், நீளம் தோராயம், அவ்வளவுதான்.

மாப்பிள்ளையிடமிருந்து அன்றிரவே செய்தி: "அத்தான், என் மீனுக்கு எண் இருக்கிறது. உங்கள் மீனுக்குக் கையுறை இருக்கிறது."

மார்ச்சில் வரும் ஓர் அஷ்டமிக்குப் படகு சொல்லியாகிவிட்டது. படம் எடுக்கும்போது நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும் என்பது முதல் நிபந்தனை. இந்த 90 கிலோ விஷயத்தில் அவன் இதுவரை என்னை யாரிடமும் காட்டிக்கொடுக்கவில்லை, தன் அக்காளிடம்கூட. அதற்குக் கூலியும் கேட்டுவிட்டான். அடுத்த முறை நாணயமெல்லாம் சுண்டக் கூடாதாம். இரண்டாவதாக ஆடுகிற கோல் அவனுக்காம்.